செவிலித்தாயர் இருவர்

செவிலி என்னும் சொல் நம் மதுரைக்குப் பழைய சொல். சங்கச் சான்றோர் பாடிய அகப்பாட்டுக்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். தோளிலும் மார்பிலும் சுமந்து வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி தன் மனத்துக்கு இனியவனுடன் ஒருநாள் ஊரைவிட்டு நீங்கினாளாயின், நற்றாய் வீட்டிலிருந்து வருந்துவாள், செவிலியோ வெயில் காயும் பாலை வழியே அவளைத் தேடி நடப்பாள், எதிர்ப்படுவோரையெல்லாம் வினவுவாள். நர்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடியவர்கள் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தபோது வளர்ப்பவள் என்னும் பொருளையே கருதியிருத்தல் கூடும். இலங்கைத் தமிழர் தாதியர் என்பர். நம் நாட்டுப்புறத்து மக்கள் இரண்டையும் விடுத்து நர்ஸம்மா என்றே அழைப்பர். இம்மூன்றனுள் வெயிலில் நடத்தல் என்னும் பொருளையும் உடன்கொண்டது செவிலி ஒன்றே ஆதலின், நாம் அதனையே இங்குக் கைக்கொள்கிறோம்.

நாம் எழுதப் புகுந்தது இரு செவிலியரைப் பற்றி. ஒருவர் நம் அன்னையாரின் தமக்கையார். நம்மைச் சிறுவயது முதல் வளர்த்த பெரியம்மாள். மற்றொருவர் கனடா நாட்டினர். மெனோனைட்டு என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். இருவரும் ஓய்வுற்று மறைந்தனர். தம் பெயரை எவ்விடத்தும் அச்சில் ஏற்றலாகாது என்பது இருவருடைய கட்டளையும் ஆதலின், பெயர் கூறாமலே எழுதுகிறோம்.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கால்கொண்டது. திண்டுக்கல்லில் டாக்டர் எட்வர்டு செஸ்டர் நெடுங்காலம் வைத்தியம் புரிந்தார். பெண்களுக்கென 1885 இல் டாக்டர் பாலின் ரூட் அம்மையாரும், 1895 இல் டாக்டர் ஹாரியட் பார்க்கர் அம்மையாரும் மதுரைக்கு வந்தனர். டாக்டர் வான் ஆலன் 1897 இல் ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அதற்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் மனமுவந்து பொருள் உதவினர். இவ்வரலாறு நம் கல்லூரியிற் பயின்றோர் பலருக்கும் தெரிந்ததே. தெரியாதது ஒன்று உண்டு. இப்பெரியோர் அறுவைச் சிகிச்சை முடித்து உறங்கச் சென்ற பின்னர் அவ்விரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருந்த தமிழ்ப் பெண்களின் பெயர் யாவை? கல்லில் டாக்டர்கள் பெயர் இருக்கும். செவிலியர் பெரும்பாலும் அறிக்கைகளில் ஓர் எண்ணாக நிற்பர். அந்த எண்ணும் சிறிது. 1946 இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கைப்படி பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேரே. அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருந்தனர்.

பெரியம்மாள் மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் 1950 இல் பயிற்சிக்குச் சேர்ந்து 1953 இல் தேறினார்கள். மறு ஆண்டில் நாகமலைக்கு மேற்கே, திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மேலூர்ப் பக்கம் அனுப்பியிருந்தால் அவர்கள் வாழ்வு வேறாயிருக்கும். அங்கே 1895 முதல் பெரியாற்று நீர் பாய்கிறது, நெல் விளைகிறது, ஊர்கள் நெருங்கியிருக்கின்றன. மேற்கிலோ வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் பருத்தியும் விளையும். கோடையில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் கரிசல் மண் காலைப் பற்றிக்கொண்டு விடாது. ஓர் ஊருக்கும் மறு ஊருக்கும் இடையே நிழல் என்பது ஒரு புளியமரமோ ஒற்றைப் பனையோதான். போடி ரயிலில் சென்று இறங்கி, ஐந்து மைல் நடந்து ஊர்சேர்ந்த முதல் நாளிலேயே செருப்பு அறுந்தது என்று பெரியம்மாள் சொல்லுவார்கள்.

ஊரார் முதலிற் கேட்ட கேள்வி, என்ன வைத்தியம் தெரியும் என்பதன்று. என்ன சாதி என்பது. விடை தெரிந்ததும் திண்ணைவரைதான் வரலாம் என்றனர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது கொட்டாங்கச்சியில் வார்த்தனர். பெரியம்மாள் குடித்தார்கள். "தாகத்துக்குக் கொட்டாங்கச்சி என்ன, செம்பு என்ன?" என்று பிற்காலத்தில் நகைத்துச் சொல்லுவார்கள், ஆனால் அந்நகைப்பில் ஒரு கசப்பு ஒளிந்திருந்ததை நாம் சிறுபிள்ளையாயிருந்தே அறிவோம். அதனை அவர்கள் ஒருநாளும் மறந்தாரல்லர்.

அக்காலத்தில் அவ்வூர்களிற் சிசுக்களை மிகுதியாகக் கொன்றது ஏழாம் நாள் ஜன்னி. பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். பின்னர் வாய் இறுகிப் பால் குடிக்க மாட்டாது. தொட்டாலும் ஓசை கேட்டாலும் உடம்பு வில்லைப்போல வளைந்து இழுக்கும். பெரும்பாலும் ஏழெட்டு நாளுக்குள் இறந்துபோம். பேய் பிடித்தது என்றும், தீட்டுப்பட்டவர் நிழல் விழுந்தது என்றும் ஊரார் சொல்லுவர். உண்மைக் காரணம் மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு நுண்கிருமி. கதிர் அறுக்கும் அரிவாளாலோ மூங்கிற் சிம்பாலோ தொப்புள்கொடியை அறுப்பர். அறுத்த புண்ணிற் சாணச் சாம்பலை அப்புவர். கிருமி அப்புண்வழியே உட்புகுந்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சே நரம்புகளைப் பற்றி உடலை முறுக்கும். வந்தபின் தீர்ப்பது அரிது. வாராமற் காப்பதற்கோ வேண்டுவன மிகச் சில: தூய கை, தூய தரை, கொதிநீரில் இட்ட ஒரு பிளேடு, கொதிநீரில் இட்ட நூல், புண்ணின்மேல் ஒன்றும் அப்பாதிருத்தல்.

இவ்வளவு எளிய காரியத்துக்கு ஏன் ஆண்டுகள் பல சென்றன என்று நகரத்தார் வியப்பர். பிரசவம் பார்ப்பவர் பெரியம்மாள் அல்லர், ஊர் மருத்துவச்சி. எழுபது வயதைத் தாண்டிய கிழவி. அவ்வூரில் மூன்று தலைமுறை அவள் கையில் விழுந்தது. மேலதிகாரியான அம்மையார் ஒருவர், அக்கிழவியைப் பிரசவ வீட்டிற் சேர்க்கலாகாது என்று கண்டிப்பாக எழுதியனுப்பினார். பெரியம்மாள் அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கிழவியின் வீட்டுக்குச் சென்றார்கள். "அம்மாச்சி, நீங்க பார்க்கிற பிரசவத்துக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க, நான் விளக்குப் பிடிக்கிறேன்" என்றார்கள். கிழவி நெடுநேரம் பேசாதிருந்து, "நீ படிச்ச புள்ளை தாயி, உனக்கு என்ன தலையெழுத்து?" என்றாளாம். ஆயினும் அழைத்துச் சென்றாள்.

ஏறக்குறைய ஓராண்டு பெரியம்மாள் விளக்குத்தான் பிடித்தார்கள். கிழவி கைகழுவுமுன் வெந்நீர் வார்ப்பது, அரிவாளை எடுக்குமுன் கொதிக்கவைத்த பிளேடை நீட்டுவது, சாம்பலை எடுக்கும்போது, "இன்றைக்கு ஒருநாள் வேண்டாமே அம்மாச்சி" என்று கெஞ்சுவது என்று காலம் கழிந்தது. கிழவியைத் திருப்பியது சொல்லன்று, எண்ணிக்கை. சாம்பல் அப்பாத பிள்ளைகள் ஏழாம் நாளைக் கடந்தன. அதை அவள் கண்டாள். எழுத்தறியாதவள் எனினும் தான் எடுத்த பிள்ளைகளுள் எவை நின்றன, எவை போயின என்னும் கணக்கு அவள் நெஞ்சில் இருந்தது. பின்னர் அவளே பக்கத்து ஊர் மருத்துவச்சிகளுக்குப் பிளேடும் நூலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, மகப்பேற்று நூலையும் தமிழிற் செய்தாரே, அதனை நாம் பெரிதும் மதிக்கிறோம்; ஆனால் நூல் எட்டாத இடத்தில் விளக்குப் பிடித்துக் கற்பிக்கும் முறையும் ஒன்று உண்டு.

1961 இல் பெரியம்மாள் கிராமச் சுகாதாரப் பணியிற் சில மாதப் பயிற்சிக்காக வேலூருக்குச் சென்றார்கள். அங்கே அவர்களோடு ஓர் அறையிற் தங்கினவரே நாம் மேலே குறித்த மெனோனைட்டுச் செவிலியார். ஐதராபாத்துக்குத் தெற்கே மகபூப்நகர் மாவட்டத்து ஜட்சர்லாவில் அச்சபையார் நடத்திய மருத்துவமனையில் அவர் பணிபுரிந்துவந்தார். கனடாவின் கோதுமை நிலத்திற் பிறந்து, விடியுமுன் பசு கறந்து வளர்ந்தவர். ஆறடி உயரம், பெரிய கைகள், அணிகலன் ஒன்றுமில்லை. தெலுங்கு நன்றாகப் பேசுவார், தமிழ் வாராது. பெரியம்மாளுக்கு ஆங்கிலம் சிறிது வரும். இருவரும் முதல் வாரத்தில் மாடுகளைப் பற்றியே பேசினராம். எத்தனை படி கறக்கும், கன்றுக்கு எவ்வளவு விடுவது என்பவற்றை இருநாட்டு உழவர்வீட்டுப் பெண்களும் ஒத்துக் கண்டபின், மற்றவை எளிதாயின.

பையை வைக்கும் முறையை அங்கேதான் இருவரும் பயின்றனர். கிராம வீடுகளிற் மேசை இராது, தரை சாணமிட்டது. செவிலி தன் பையைத் தரையில் வைக்குமுன் ஒரு செய்தித்தாளை விரிக்கவேண்டும். பையைத் திறந்து முதலில் சோப்பையும் துவாலையையும் எடுத்துக் கைகழுவவேண்டும். பின்னரே மற்றவற்றைத் தொடவேண்டும். அழுக்கான பொருளைப் பையினுட் திரும்ப இடலாகாது. முடிவில் செய்தித்தாளை உட்புறமாக மடித்துக் கொளுத்தவேண்டும். இதனைப் பெரியம்மாள் முப்பதாண்டு வழுவாது செய்தார்கள். நம் வீட்டிற் பழைய தினமணித் தாள் ஒன்றும் கடைக்குப் போனதில்லை. தலையங்கம் எழுதிய ஆசிரியர்கள் தம் எழுத்து எத்தனை குழந்தைகளைக் காத்தது என்பதை அறிந்திருப்பின் மிக மகிழ்ந்திருப்பர்.

மெனோனைட்டுகள் யார் என்பதை நம் வாசகர் பலர் அறியார் ஆதலின் சிறிது கூறுவோம். ஐரோப்பாவிற் சமயச் சீர்திருத்தம் எழுந்த காலத்தில், குழந்தைக்கன்றி அறிவறிந்து நம்புவோர்க்கே ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று 1525 இல் சூரிச் நகரிற் சிலர் புறப்பட்டனர். வாளெடுத்தல் கூடாது, ஆணையிடுதல் கூடாது என்பனவும் அவர்தம் கொள்கையாக நிலைபெற்றன. கத்தோலிக்கர், சீர்திருத்தர் ஆகிய இருசாராரும் அவர்களை வருத்தினர். 1536 இல் குருத்துவத்தைத் துறந்து அவர்களோடு சேர்ந்த ஒல்லாந்து தேசத்து மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரே சபைக்கு வழங்கலாயிற்று. பின்னர் அவர்கள் விஸ்துலா ஆற்றுச் சதுப்பு நிலங்களிலும், 1789 முதல் ருஷியப் புல்வெளிகளிலும், 1870 களில் கான்சஸிலும் கனடாவிலும் குடியேறி, சென்ற இடமெல்லாம் மண்ணைத் திருத்தி உழுதனர். படைக்கு ஆள் கேட்கும் அரசு வந்தால் மூட்டை கட்டுவர். நாட்டில் அமைதியாய் வாழ்வோர் என்று அவர்களுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நாட்டில் துப்பாக்கி ஏந்த மறுத்து வேறு பணிக்குச் சென்ற சுமார் 12,000 பேரில் அவர்களே மிகுதி. பலர் மனநோய் மருத்துவமனைகளிற் பணியாளராயினர்.

வேலூரில் ஓரிரவு, மின்சாரம் நின்றபோது, அவ்வம்மையார் தம் சபையார் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றைச் சொன்னார். 1569 ஆம் ஆண்டு. ஒல்லாந்தில் அஸ்பெரென் என்னும் ஊர். டிர்க் வில்லெம்ஸ் என்பவன் இக்கொள்கைக்காகச் சிறைப்பட்டு, கந்தைகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்பி ஓடுகிறான். பனிக்கட்டி மூடிய நீர்நிலை ஒன்றை அவன் எளிதிற் கடந்துவிடுகிறான்; சிறையுணவால் உடல் மெலிந்தவன். துரத்தி வந்த காவலன் கனத்தவன். கட்டி உடைந்து நீரில் விழுகிறான். டிர்க் திரும்பி வந்து கைகொடுத்து அவனைக் கரையேற்றுகிறான். காவலன் அவனை விட்டுவிடவே விரும்பினான். ஆனால் கரையில் நின்ற நகரத் தலைவன் விடவில்லை. டிர்க் மீண்டும் பிடிபட்டு அவ்வாண்டு மே மாதம் 16 ஆம் நாள் எரிக்கப்பட்டான். பெரியம்மாள் கதையைக் கேட்டுவிட்டு, "அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா?" என்று கேட்டார்களாம். அம்மையார் சிரித்து, எங்கள் ஊரில் இதுவரை எவரும் கேட்டிராத கேள்வி என்றாராம்.

பயிற்சி முடிந்தபின் இருவரும் ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதம் எழுதிக்கொண்டனர். பெரியம்மாள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதியதும், வந்தவற்றைப் படித்துச் சொன்னதும் பெரும்பாலும் நாமே. ஆகவே ஜட்சர்லாவை நாம் காணாமலே அறிவோம். அதுவும் வானம் பார்த்த பூமி. சோளமும் ஆமணக்கும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் ஆண்களும் பெண்களும் மண் வெட்டவும் கல் சுமக்கவும் தூரதேசம் போய்விடுவர். பாலமூர்க் கூலிகள் என்று அவர்களுக்கு எங்கும் பெயர். விடியுமுன்னரே மருத்துவமனை வாயிலில் மாட்டு வண்டிகள் வந்து அவிழ்த்துக் கிடக்கும். பாம்பு தீண்டியவர், மூன்று நாள் பிள்ளை குறுக்கே கிடந்து வந்தவள், சோளத்தட்டை குத்திக் கண் கெட்டவர். பகலில் வார்டு; மாலையில் தெலுங்குப் பெண்களுக்குச் செவிலியப் பாடம்; வாரத்தில் ஒருநாள் ஜீப்பில் ஊர்களுக்குப் பயணம். ஊரார் அவரைத் துரைசானி என்று அழைத்தனர். அது தமக்கு நாணமாயிருக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பங்களாவுக்கும் சேரிக்கும் இடையே உள்ள சுவரைத் தம் முன்னோர் கட்டினர் என்றும், தாம் அதனுள்ளே உறங்குவதாகவும், உங்கள் வீட்டுக்கு அத்தகைய சுவர் இல்லை என்றும் எழுதினார். மிஷனரிகளுள் இதனை நேரே சொன்னவர் சிலரே. அதனால் அவரிடத்து நமக்கு மதிப்பு மிகுந்தது.

அவருக்கு முன்னோடியாய் நின்றவர் காதரினா ஷெல்லன்பெர்க் அம்மையார். 1870 இல் ருஷியாவிற் பிறந்து, சிறுமியாய்க் கான்சஸுக்குக் குடிபெயர்ந்து, வைத்தியம் பயின்று 1907 இல் ஐதராபாத் சமஸ்தானத்துக்கு வந்தார். மெனோனைட்டு சகோதர சபையார் அனுப்பிய முதற் பெண் டாக்டர் அவரே. ருஷிய நாட்டு மெனோனைட்டுகள் 1889 லேயே நல்கொண்டாப் பக்கம் வந்திருந்தனர். அமெரிக்கச் சபையார் 1899 இல் வந்தனர். காதரினா அம்மையார் 1945 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஷம்ஷாபாத்தில் காலமானார். அவ்வூரில் இப்போது ஐதராபாத்தின் விமான நிலையம் இருக்கிறது. 2008 இல் திறந்தனர். நம் மாணவர் பலர் வேலைக்கு அதன்வழியே பறந்து செல்கின்றனர். ஒரு பெண்மணி மருந்துப் பெட்டியோடு உலாவிய நிலம் அது.

இனிக் கூறப்போவது கூறுதற்கு எளிதன்று. உசிலம்பட்டிப் பக்கத்துச் சில ஊர்களிற் பெண் சிசுக்கள் பிறந்த சில நாளில் கொல்லப்படுகின்றன என்னும் செய்தி 1986 இல் பத்திரிகைகளில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அதனை ஒரு வட்டாரத்தின், ஒரு வகுப்பாரின் பழி எனப் பலர் எழுதியது நேர்மையன்று. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் அக்கொடுமை இருந்தது. ஆகையினாலன்றோ அரசாங்கத்தின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் சேலத்திலேயே தொடங்கியது. வரதட்சணையே முதற் காரணம் என்பர்; மூன்றாவது பெண் என்றால் வீடே அஞ்சும். பத்திரிகைகள் எழுதுமுன்னரே ஊருக்குள் நடந்த செவிலியர் இதனை அறிவர்.

1970 களில் ஒரு வீடு. மூன்றாவதும் பெண். பெரியம்மாள் பிறந்த அன்றும், இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் சென்றார்கள். நான்காம் நாள் சென்றபோது தொட்டில் இல்லை. காய்ச்சல் கண்டு இறந்தது என்றனர். தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெரியம்மாள் யாதும் பேசாமல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் மாலைவரை உட்கார்ந்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்தும் உண்ணவில்லை. போலீசில் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். எழுதிக்கொடுத்தால் சாட்சி இராது. தாய் சிறை சென்றாலும் செல்லுவாள். அதன்பின் அச்சுற்று ஊர்களில் ஒரு கதவும் செவிலிக்குத் திறவாது. இவ்வாறெல்லாம் எண்ணியே அவர்கள் எழுதிக்கொடாதிருந்தார்கள். அது சரியா என்று நம்மைக் கேட்டால், சரி என்று இன்றும் நம்மால் துணிந்து சொல்லக்கூடவில்லை. இறந்தது ஓர் உயிர்.

அன்றிரவு ஜட்சர்லாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். இரண்டு வாரத்தில் விடை வந்தது. அதில் ஆறுதல் மொழி ஒன்றும் இல்லை. வேத வசனமும் இல்லை. ஒரே வரி: அந்த வீட்டுக்கு மறுபடி எப்போது போகிறீர்கள்?

பெரியம்மாள் அக்கடிதத்தைத் தாமே வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். சில நாள் கழித்து அவ்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, தாகமாயிருக்கிறது என்றார்கள். மாமியார் முகம் கொடாமல் கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவ்வழி செல்லும்போதெல்லாம் அங்கே தண்ணீர் கேட்பது வழக்கமாயிற்று. இரண்டாண்டில் அப்பெண் மீண்டும் கருவுற்றாள். கிழ மருத்துவச்சி அப்போது இல்லை; பிரசவத்தைப் பெரியம்மாளே பார்த்தார்கள். நான்காவதும் பெண். அன்று முதல் நாற்பது நாள் ஒருநாளும் விடாமல் அவ்வீட்டுக்குச் சென்றார்கள். நிறை பார்க்கவேண்டும் என்றார்கள். கண்ணுக்கு மருந்து என்றார்கள். தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை என்றார்கள். ஒன்றும் சொல்லத் தோன்றாத நாளிற் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் முதலில் ஏசினாள். பின்னர் ஏசுவதை விட்டாள். இருபதாம் நாளுக்கு மேல், தண்ணீரைச் செம்பிற் கொண்டுவந்து வைத்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. குழந்தை பிழைத்தது. வளர்ந்து மணமாகிப் பிள்ளை பெற்றவளானாள். நாம் அவளைக் கண்டதுண்டு. அவளுக்கு இவ்வரலாறு தெரியாது.

கனடாச் செவிலியார் 1974 இல் நாடு திரும்பினார். அதன்பின் கடிதங்களிற் பனியும் தோட்டமும் மிகுந்தன. பாம்புக்கடியும் பிரசவமும் குறைந்தன. தம் ஊரிலே முதியோர் இல்லம் ஒன்றிற் பணிபுரிவதாகவும், அங்குள்ளோர் இரவில் விழித்து ஜெர்மன் மொழியில் தாயைக் கூப்பிடுகின்றனர் என்றும் எழுதினார். பெரியம்மாள் 1988 இல் ஓய்வுபெற்று 2009 இல் மறைந்தார்கள். செய்தி எழுதினோம், விடை அவருடைய தமக்கை மகளிடமிருந்து வந்தது. அவர் முன்னமே சென்றுவிட்டார்.

இந்நாளில் மதுரைச் சுற்றுப்புறத்து ஊர்களின் நிலை வேறு. 1978 இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டமும், கர்ப்பிணிகளுக்கு இடும் ஊசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்து ஏழாம் நாள் ஜன்னியை ஒழித்தன. இந்தியா அந்நோயை நீக்கிவிட்டது என 2015 இல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் இப்போது வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்றும் இல்லை. 1937 இல் பிரிட்டிஷ் இந்தியாவிற் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 ஓராண்டு நிரம்புமுன் மடிந்தன; 2020 இல் தமிழ்நாட்டின் கணக்கு 13. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. அதிலுள்ள கிராமச் சுகாதாரச் செவிலி கருவுற்ற பெண்ணைப் பதிவுசெய்து எண் கொடுக்கிறார். 108 என்று அழைத்தால் வண்டி வருகிறது. நடை குறைந்தது, நன்று. எழுத்து வேலை மிகுந்துவிட்டது என்று அவர்களுட் சிலர் நம்மிடம் குறைகூறுவர். திண்ணையிற் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களை எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நமக்கும் தெரியவில்லை.

முடிவாக நம் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் வெள்ளைச் சேலையும் தலையில் வெள்ளைத் துணியும் அணிந்த பெண்கள் வரிசையாய் நிற்கும் பழைய புகைப்படங்கள் இருக்கும். பாட்டியோ பெரியம்மாளோ அத்தையோ அவ்வரிசையில் இருப்பார். பெயர் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். பெயர் வேண்டாம் என்று தாமே விலக்காதவராயின், படத்தின் பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரையும், பயின்ற ஆண்டையும், பணிபுரிந்த ஊரையும் பென்சிலால் எழுதி, ஒரு படியை இச்சஞ்சிகையின் ஆசிரியருக்கு அனுப்புக. மையால் எழுதினால் மறுபக்கம் ஊறும்.